அக்கா சிரித்த நடைமேடை

கண்ணா,

அந்தக் காதல் படத்தை எடுத்த இடங்களையெல்லாம் நானும் அம்மாவும் ரயிலிலேயே போய்ப் பார்த்துவிட்டோம். கதாநாயகி ஓடிவரும் பாலத்தை அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது கடைசி ஸ்டேஷன்தான். கதாநாயகன் வழுக்கி விழும்போது கூட்டத்தில் நின்று உன் அக்கா சிரிப்பாளே, அந்த இடம்.

அக்கா சாய்ந்திருந்த தூணை அம்மா தடவிக்கொண்டே இருந்தாள்.

"சாகறதுக்கு முந்தின வாரம் எப்படிச் சிரிச்சிருக்கா பாருங்க. கால் தவறித்தான் மாடியிலேர்ந்து விழுந்திருக்கா."

காபி வாங்கப் போனேன். படப்பிடிப்பு நடந்த அன்றும் கடையில் இருந்தாராம் அந்தக் கடைக்காரர். அக்காவின் போட்டோவைக் காட்டினேன்.

"இந்தப் பொண்ணா? அழுதுக்கிட்டே இருந்துச்சுங்க. சிரி, சிரின்னு டைரக்டர் கத்தித் தீர்த்துட்டார். வெளிய போன்னு விரட்டினப்புறம்தான் சிரிச்சுது."

காபியோடு திரும்பியதும், "என்னவாம்?" என்றாள் அம்மா.

"இப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததே இல்லையாம்" என்றேன்.

திரும்பும் ரயிலில் அம்மா அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள். அந்தக் காட்சியைப் போட்டுப் பார்க்காமல் அவள் சாப்பிட உட்கார மாட்டாள், உனக்கே தெரியும். கேட்டால் நீயும் நான் அவளிடம் சொன்னதையே சொல்லிவிடு.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்க்க வேண்டும். அதை நினைத்தால்தான் வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது.

உன்
அப்பா