பட்டப்பகலில் தூக்க மாத்திரை கொடுக்கும் கணினி குறித்து

அனுப்புநர்:
மூன்றாம் அறையில் இருப்பவரின் தங்கை,
தையற்கடை, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
முதியோர் இல்லங்களின் இயக்ககம்.

பொருள்: இல்லக் கணினி தவறான நேரம் காட்டுவதால் என் அக்காவுக்குச் சூட்டப்பட்ட "காலக் குழப்பம்" என்ற பட்டத்தை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்கா சரக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து தங்கள் ஆளுகைக்குட்பட்ட இல்லத்தில் சேர்க்கப்பட்டார். முறிந்தது இடுப்பு மட்டுமே என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அங்கே மாத்திரை நேரத்தை அறிவிப்பது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு கணினி. சென்ற மாதம் முதல் அது பல மணி நேரம் முந்தி ஓடுகிறது. பகல் உணவுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் இரவு மாத்திரைக்கு மணி அடிக்கிறது. செவிலியர் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தூக்க மாத்திரையை நீட்டுகிறார். வெளியே வெயில் அடிக்கிறதே என்று அக்கா மறுத்திருக்கிறார். மருத்துவர் சன்னல் பக்கம் திரும்பாமலே கணினியைப் பார்த்து, "நோயாளிக்குக் காலக் குழப்பம்" என்று பதிந்து, மாத்திரையின் அளவையும் கூட்டிவிட்டார். அத்தனை படித்தவருக்குச் சூரியன் போதிய சான்றாகப் படவில்லை.

3. செவிலியரின் கைக்கடிகாரம் சரியான நேரத்தையே காட்டியது. கேட்டேன். "என் வாட்சைப் பாத்து மாத்திரை குடுத்தா வேலை போயிடும்மா. சிஸ்டம் சொல்றதுதான் நேரம்" என்றார்.

4. காரணம் கணினிப் பராமரிப்பாளருக்கு நன்றாகவே தெரியும். அதே கணினியில் விண்டோஸும் உண்டு. மேலாளர் காலையில் படம் பார்க்க அதைத் திறப்பார். விண்டோஸ் உள்கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு, நம் நேர மண்டலத்துக்குரிய மணிகளை மறுபடி கூட்டுகிறது. இரண்டையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவந்து, இணையத்திலிருந்து நேரம் பெறும் வசதியை இயக்கினால் தீர்ந்தது என்று அவரே எனக்கு விளக்கினார். விளக்கியவர், நேரத்தைக் கையால் திருத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாள் மேலாளர் படம் பார்த்தார். மறுபடி பகலில் இரவு. நிரந்தரத் தீர்வுக்கு மேலாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டுமாம். கோளாறு என்று எழுதிக் கொடுப்பது தமக்கு இழுக்கு என்கிறார் மேலாளர். அலுவலகத்தில் படம் பார்ப்பது இழுக்கில்லை போலும்.

5. நேற்றுப் பிற்பகல் அக்கா அரைத் தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாச் சொல்லுடி, இப்போ பகலா, ராத்திரியா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். மலைப்பாதையில் தனியாக லாரி இறக்கியவர், ஐயா.

ஆகவே, கணினியைச் சரிசெய்யவும், மேற்படி பதிவையும் கூட்டிய மாத்திரையையும் நீக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். மருத்துவரும் மேலாளரும் ஒரு நண்பகலில் மூன்றாம் அறைக்கு நேரில் வந்து, திரைச்சீலையை விலக்கி, இது பகல்தான் என்று அவரிடம் சொல்லவும் வேண்டும். நான் சொன்னால், தங்கை ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறார்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: இல்லத்தின் பார்வையாளர் அறை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மூன்றாம் அறையில் இருப்பவரின் தங்கை