கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை

6 ஜூலை 2025, ஞாயிறு.

விதைப்பதற்கு முன் வேர்க்கடலை விதையைக் கோவிலில் வைத்து ஜெபிப்பது எங்கள் விஜயபுரம் சபையின் வழக்கம். 4ஆம் தேதி மழையால் நிலம் ஈரமாகவே இருக்கிறது. ஆயினும் சென்ற ஆண்டு முளைத்ததெல்லாம் மழையின்றிக் கருகியதை எண்ணி, இரண்டு மூட்டைகளில் ஒன்றைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டு, மற்றொன்றை மட்டுமே இன்று கொண்டுசென்றேன்.

திரும்பியதும் மனைவி எஸ்தர், “கட்டிலுக்குக் கீழ கீறத ஆண்டவருக்கு நீங்க சொல்றீங்களா, நானே சொல்லட்டுமா?” என்றாள்.

பிற்பகலில் அக்கட்டிலிலேயே உறங்கினேன். கனவில் மூட்டை முளைத்து, அறையெங்கும் இலை படர்ந்து, மஞ்சள் பூக்கள் என் முழங்காலைத் தொட்டன. விழித்தபின்னும் மண்வாசனை போகவில்லை.

நாளை, 7ஆம் தேதி, இரண்டையும் விதைப்பேன். சன்னல் வழியே பார்த்தால் மேகம் இல்லை. மழை உம்முடைய பொறுப்பு, ஆண்டவரே. எனக்கு உறக்கம் வருகிறது.