பயிற்சி அறையிலிருந்து எடுத்துப்போன தையல் மெஷின்

அனுப்புநர்:
மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையற்காரி,
நரம்பியல் பிரிவு வெளிநோயாளி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசுப் பொது மருத்துவமனை.

பொருள்: தையல் மெஷினைப் பயிற்சி அறைக்குத் திருப்பித் தரவும், பயிற்சியாளர் அம்மாவுக்குக் கொடுத்த குறிப்பாணையை ரத்து செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நன்றி. சென்ற வாரம் தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது நான் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தேன். நோயாளியைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறார்கள் என்று கொதித்துப்போனீர்கள். எனக்காக ஓர் அதிகாரி கோபப்பட்டது இதுதான் முதல் தடவை. ஆனால் அந்தக் கோபம் ஆள் மாறி, என் கைக்குப் பயிற்சி தரும் அம்மாமீது விழுந்து, மெஷினையும் எடுத்துப்போய்விட்டது என்பதே என் புகார்.

1. மூளையில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்னும் உறை அங்கங்கே சிதைந்ததால், என் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. "கைதான் ஓடல, வாய் நல்லாத்தான் ஓடுது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். பிறகு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

2. தங்கள் நரம்பியல் மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார். மூளையிலேயே இளம் செல்கள் இருக்கின்றனவாம். அவை சிதைந்த இடத்துக்கு நகர்ந்து வந்து, முதிர்ந்து, புது உறையைச் சுற்றுமாம். பழையதைவிட மெல்லிசாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் முழுதாக நடக்காது. ஆனாலும் வேலை செய்யும் நரம்புக்கு அது உதவக்கூடும் என்றார். "கைய சும்மா வெக்காதீங்கம்மா. புதுசா சேதம் வராம மருந்து பாத்துக்கும். ரிப்பேர உங்க மூளைதான் பண்ணணும்."

3. பயிற்சியாளர் அம்மா முதலில் அமுக்கப் பந்து கொடுத்தார். எரிச்சலில் வீசினேன், அது என் காலடியிலேயே விழுந்தது. மறுநாள், கிடங்கில் கிடந்த கையால் சுற்றும் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருந்தார். என் கடையில் இருப்பது மோட்டார் மெஷின், அதன் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காமல் விரலில் ஊசி ஏற்றிக்கொண்டவள் நான். ஐயா, என்னை யாரும் வேலை வாங்கவில்லை. கோணல் தையலையெல்லாம் பிரித்துக் கொடுத்தது அந்த அம்மாதான்.

4. இப்போது அவர் தங்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். என் கை மடியில் சும்மா கிடக்கிறது. மறுபடி மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

5. தங்கள் அறை ஜன்னலின் நீலத் திரையைச் சற்று நகர்த்திப் பார்க்க வேண்டுகிறேன். அது அந்தக் கை மெஷினில் நான் தைத்தது. இடது ஓரத்தில் தையல் தள்ளாடும். வலது ஓரத்துக்கு வரும்போது நேராக ஓடியிருக்கும். இதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, மூளை தானாகச் செய்தது எவ்வளவு என்று மருத்துவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் நான் நன்றி சொல்லிவிட்டேன்.

அடுத்த ஜன்னலுக்கான திரை பாதியில் நிற்கிறது. மாலை வெயில் தங்கள் மேசைமீதுதான் விழுகிறது என்று கேள்விப்பட்டேன். தாங்கள் உத்தரவிட்டால் நாளைக்கே மீதியைத் தைக்கத் தொடங்கிவிடுவேன்.

போன வருடம் ஒற்றைக் கையால்தான் தங்களுக்கு வணக்கம் வைத்தேன். இந்த முறை,

இரண்டு கைகளையும் கூப்பி,
தையற்காரி

இடம்: பயிற்சி அறை வாசல் பெஞ்ச்
நாள்: திங்கட்கிழமை