மடை திறக்கப்பட்டிருக்க வேண்டும்

தம்பி,

இன்று காலை உன் நோட்டை வெயிலில் விரித்துப் போட்டேன். உன் பெண்டாட்டி அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்ததை, என் பேத்தி பரீட்சைக்கு வேண்டுமென்று வாங்கி வந்திருக்கிறாள். வீடு முழுக்க அந்த வாடை. வாடை போனதும் எடுத்து, நீ பச்சை மையில் எழுதியதை நடந்துகொண்டே சத்தமாகப் படிக்கிறாள். கேன் பி ஓப்பன்டு, மே பி ஓப்பன்டு, மஸ்ட் பி ஓப்பன்டு. நான் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். நீ செத்து மூன்று வருஷமாகியும் இந்த வீட்டில் உன் இங்கிலீஷ் ஓயவில்லை.

நான் அஞ்சாவதோடு நின்றவள். நீ பிறந்தாய், உன்னை இடுப்பில் தூக்க ஆள் வேண்டியிருந்தது. அதில் எனக்குக் குறையில்லை. நான் போட்ட கணக்கை இந்த ஊரில் இதுவரை யாரும் தப்பென்று சொன்னதில்லை. ஆனால் இடுப்பில் சுமந்த பிள்ளை இங்கிலீஷ் வாத்தியாராகி, வேலையை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைக் காணாமல் அடிக்கிற வித்தையைப் படித்துவிட்டு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த வித்தையை ஒருநாள் எனக்கும் விளக்கினாய்.

"முதல்ல ஒண்ணு வரும் அக்கா. முடியும்னா கேன், செய்யலாம்னா மே, செஞ்சே ஆகணும்னா மஸ்ட். அடுத்து ஒரு பி. அதுக்குப் பின்னால வேலை. அம்புட்டுதான்."

"செஞ்சவன் எங்கனலே?"

"கடைசியில 'பை'ன்னு போட்டு, இன்னாராலன்னு சொல்லிக்கிறலாம். சொல்லாமயும் விட்டுறலாம்."

"மாப்பிள்ளை வந்தாலும் சரி, வராட்டியும் சரி, தாலி கட்டியாச்சுங்குறியா?"

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நாம் 'திறந்தேன்' என்றால் அந்த வேலைக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருப்பான். உன் பாஷையில் மாடு அவிழ்க்கப்படும், குடம் உடைக்கப்படும், ஒருத்தர் கையிலும் ஈரம் இருக்காது.

வாத்தியார் பிழைப்பு, போகட்டும் என்று விட்டிருப்பேன். ரிட்டயர் ஆனதும் ஊரார் உன்னைக் கண்மாய்ச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். அங்கேதான் வந்தது வினை.

அந்த வருஷம் மார்கழியோடு மழை நின்றுபோனது. தை பிறந்தபோது கடைமடையில் என் நெல் பால் பிடிக்கிற பருவம். வயல் வெடித்து விரல் உள்ளே போனது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், இல்லாவிட்டால் வைக்கோல். கண்மாயில் தண்ணீர் கிடந்தது. ஆனால் மடையில் பூட்டுத் தொங்கியது. அதிகாரி சொன்னால்தான் திறக்கலாம் என்று புதிதாக ஓர் ஏற்பாடு. மேல்மடைக்காரர்களுக்கு விளைந்துவிட்டது, அவர்கள் வாய் திறக்கவில்லை.

நீ மனு எழுதினாய். இங்கிலீஷில் எழுதினால்தான் மேலே போகுமாம். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். தமிழில் சொன்னாய். "மடை திறக்கப்படலாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

"கேக்குறது யாருலே?"

"நாமதான்."

"தொறக்கப்போறது?"

"அவுகதான்."

"ரெண்டு பேரையும் அதுல காணோமே."

"அதுதான் அக்கா மரியாதை. நீங்க தொறங்கன்னு எழுதினா அதிகாரம் பண்றாப்புல ஆயிரும்."

எட்டாம் நாள் பதில் வந்தது. பரிசீலிக்கப்படும். உன் மனுவுக்கு ஏற்ற பதில்தான். ஆளில்லாத ஊரிலிருந்து ஆளில்லாத ஊருக்குக் காகிதம் போய் வந்திருக்கிறது. நீ அதை அழகாக மடித்து ஃபைலில் வைத்தாய். அங்கே என் கதிர் பதராகிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். நாலாவது இடிக்குப் பூட்டு விட்டுக்கொடுத்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு மடைக் கதவின் திருகைச் சுற்றினேன். தண்ணீர் இறங்கியது. ஆடு ஓட்டி வந்தவர்களும் குளிக்க வந்தவர்களும் யார் திறந்தது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் "நான்தான்" என்றேன். அந்த ஒரு சொல்லின் ருசி உனக்குத் தெரியாது. நீ அதைச் சொல்லிப் பார்த்ததே இல்லை.

மத்தியானம் ஜீப் வந்தது. மேல்மடைக்காரன் எவனோ போன் போட்டிருந்தான். அதிகாரி கரையில் நின்று, "அரசாங்கப் பூட்டு. ஆள் பேரைச் சொல்லுங்க, கேஸ் எழுதணும்" என்றார். நான் சேற்றுக் காலோடு முன்னால் வந்தேன். நீ குறுக்கே வந்தாய்.

"அக்கா, சாருக்கு மோர் கொண்டா."

"மோர் கெடக்கட்டும்லே. நான்..."

"வெயில்ல நிக்கிறாக. போக்கா."

சின்ன வயதில் நாய் விரட்டியபோது என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாயே, அதே பார்வை. போனேன்.

திரும்பி வந்தபோது எழுதி முடித்திருந்தாய். அவருக்குப் படித்துக் காட்டினாய், ஊராருக்குத் தமிழிலும் சொன்னாய். மடை திறக்கப்பட்டிருக்க வேண்டும். பூட்டு உடைக்கப்பட்டுத் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். பூட்டு என் மடியில் கனத்தது. அதிகாரி என் காலைப் பார்த்தார், மோரைக் குடித்தார், கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் செஞ்ச வேலைய ஏன்லே அநாதையாக்கின?"

"பேரு இருந்தா கோர்ட்டுக்கு அலையணும் அக்கா."

"அலையுறேன். இத்தன வருசம் நான் செஞ்ச வேலைக்கு என் பேரு எந்தக் காகிதத்துலலே வந்திருக்கு? ஒண்ணுல வர இருந்துச்சு. அதையும் அழிச்சுட்ட."

நீ ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாய். நெல் வீடு வந்து சேர்ந்தது. புது அரிசி கொடுத்துவிடச் சொல்லி உன் பெண்டாட்டி வந்து நின்றாள். "அனுப்பப்படலாம்னு உம் புருசன்கிட்டச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினேன். உன்னை ஒரு மாதம் காயவிட்டுத்தான் உன் வீட்டுக்கு மூட்டையை ஏற்றினேன்.

இன்று, படித்துக்கொண்டிருந்த பேத்தியின் சத்தம் திடீரென்று நின்றது.

"அப்பத்தா, இங்கன இங்கிலீஷ்ல ஒண்ணு இருக்கு. தமிழ்ல சொன்னா, மடை என் அக்காவால் திறக்கப்பட்டிருக்க வேண்டும். இதுக்கு மட்டும் அடியில ரெண்டு கோடு போட்டிருக்காக."

ரிட்டயர் ஆன பிறகும் டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் நீ இந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தாய். எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதியிருக்கும். எத்தனை நோட்டில் நான் மடை திறந்திருப்பேன். உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

அதிலும் பார், இங்கிலீஷில் என்னைக் கொண்டுபோய் அந்த 'பை'யோடு கடைசியில் வைத்திருக்கிறாய். வயலிலும் கடைமடை, வாக்கியத்திலும் கடைமடை. 'இருக்க வேண்டும்' என்று சந்தேகம் வேறு. மடியில் பூட்டு கனத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நீ.

எழுந்துபோய் என் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் கிடந்த பூட்டை எடுத்துப் பேத்தியின் கையில் வைத்தேன். "என்ன அப்பத்தா இது?" என்றாள்.

"இதை நான் ஒடைச்சேன். எந்தம்பி என்னை மறைச்சான்" என்றேன்.