கொதிநீரில் தொண்ணூற்று நான்கு டிகிரி

அனுப்புநர்:
ஆய்வக உதவியாளர்,
மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
தேர்வுப் பிரிவு.

பொருள்: அறிவியல் செய்முறைத் தேர்வு – அளந்ததை அளந்தபடி எழுதிய மாணவி தோல்வி – மதிப்பெண் திருத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: வெப்பமானிகள் கேட்டு நான் அனுப்பிய மூன்று கடிதங்களும் தங்கள் அலுவலகத்தின் ஒரே பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இப்பள்ளி ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடுவை கழுவி, அடுப்பு பற்றவைத்து வருகிறேன். இங்குள்ள ஒன்பது வெப்பமானிகளும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை. நீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒன்று தொண்ணூற்று நான்கு காட்டும், பக்கத்து மேசையில் இருப்பது தொண்ணூற்றேழு காட்டும்.

2. புதியவை கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு, "மாணவர் ஏடுகள் அனைத்திலும் நீரின் கொதிநிலை நூறு டிகிரி என்றே பதிவாகியுள்ளதால் கருவிகளில் குறை இல்லை எனத் தெரிகிறது" என்று பதில் வந்தது. படித்ததும் சிரிப்புதான் வந்தது. சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

3. கடந்த மாதத் தேர்வில் ஒரு தையல்காரம்மாவின் மகள் எழுதிய முடிவுரை இது: "மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 94 காட்டியது. வேறொரு வெப்பமானியை அதே நீரில் வைத்தபோது 97 காட்டியது. இரண்டும் சரியாக இருக்க முடியாது. எனவே இக்கருவிகளைக் கொண்டு நீரின் கொதிநிலையை உறுதியாகச் சொல்ல இயலவில்லை." இதைவிடத் தெளிவான முடிவுரையை இந்த அறையில் நான் படித்ததில்லை.

4. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைச் சிவப்பு மையால் அடித்து, "பாடநூலைப் பார்க்கவும்" என்று எழுதி, பத்துக்குச் சுழியம் போட்டார். நான்கு மதிப்பெண் குறைந்து அவள் தோல்வி. செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க இந்தத் தேர்ச்சி கட்டாயம். கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை.

5. அவள் அம்மா ஆய்வக வாசலில் வந்து நின்று, "பார்த்ததைத்தானே சார் எழுதினா, அதுக்கா பெயில் போடுவாங்க?" என்று கேட்டார். கழுவிய குடுவையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

6. உண்மை என்னவென்றால், ஒவ்வோர் ஆண்டும் தேர்வன்று காலையில் பிள்ளைகளிடம், "என்ன காட்டினாலும் நூறுன்னு எழுதிடுங்க, வம்பு வேணாம்" என்று சொல்லிவிடுபவன் நான்தான். பிள்ளைகள் தேறட்டும் என்றுதான் சொன்னேன். தங்கள் அலுவலகம் சான்றாகக் காட்டிய நூறுகள் எல்லாம் அப்படி வந்தவை. இந்தப் பெண் மட்டும், "அப்ப எதுக்கு சார் தண்ணியக் கொதிக்க வைக்கிறோம்?" என்று கேட்டாள். நான் தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது ஐயா.

7. என்மீது எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். ஓய்வுபெற எட்டு மாதங்கள் இருக்கின்றன, அதற்குள் முடித்துக்கொள்ளலாம். அவளுடைய ஏட்டை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தித் தர வேண்டுகிறேன். மறுதேர்வு வைக்கலாம் என்று தங்கள் எழுத்தர் தொலைபேசியில் சொன்னார். அது வேண்டாம் ஐயா. அன்றைக்கும் அதே வெப்பமானியைத்தான் நான் அவள் கையில் கொடுக்க வேண்டியிருக்கும்.

நாள்: மார்ச் 11
இடம்: பள்ளி ஆய்வகம்

பணிவுடன்,
(ஒப்பம்)
ஆய்வக உதவியாளர்