சேனை வைத்தவர் மேல் போட்ட பழி

வெள்ளி, இரவு

பாப்பாவின் ரத்தத்தில் சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதாக டாக்டர் சொன்னதும், பிறந்த அன்று நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்த என் கணவரின் அக்கா மேல்தான் பழி போட்டேன். அண்ணி அழுதுகொண்டே உடையார்பாளையத்துக்குப் போய்விட்டார்.

பாப்பா தேறிவிட்டாள். இன்று, அவள் பிறந்து வார்டில் இருந்த பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருமியின் மரபணு ரிப்போர்ட்டைக் காட்டினார். "பாப்பாவுக்கு வந்ததும், எங்க வார்டு வாஷ்பேசின் குழாய்ல இருந்ததும் ஒரே கிருமிங்க. குழாய மாத்திட்டோம்."

அந்த வார்டில் மற்ற குழந்தைகளும் இருந்தார்களே...

வெளியே வந்ததும் போன் செய்தேன். "அண்ணி, உங்களால வரல. தப்பாப் பேசிட்டேன்."

"அடிப்பாவி! என் கையப் பாத்தா எனக்கே பயமா இருந்துச்சுடி. பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா. வாங்க அண்ணி."

"வரேன். சர்க்கரைத் தண்ணி மட்டும் கேட்டுராத" என்று சிரித்தார்.

நாளை முதல் பஸ்ஸில் வருகிறார். பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தலைக்குக் குளிக்க வேண்டும்.