கிணற்றின் ஆழம் கேட்டவர்கள்

நவி மும்பை

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் ஜெபிதாவின் ஸ்தோத்திரம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசுவதெல்லாம் நான் வேலை பார்க்கும் டேட்டா சென்டர் மாதிரி ஏதோ ஒரு கட்டடத்துக்குள்தான் போய்ச் சேருகிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. ஏஐ கம்ப்யூட்டர்களைக் குளிரவைக்கும் டவரிலிருந்து தண்ணீர் சாக்கடைக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நம் ஊர்க் கை சும்மா இருக்குமா? வால்வை அடைத்துவிட்டேன். உடனே அலாரம் அடித்தது. சூப்பர்வைசர் மாரிக்கண்ணன் அண்ணாச்சி ஓடி வந்தார். அவருக்கும் நம் பக்கம்தான், ராயகிரி.

"ஏட்டி, தோட்டத்துக் குழாய்னு நெனச்சியா? அழுக்குத் தண்ணி வெளிய போகணும், புதுத் தண்ணி உள்ள வரணும்."

"புதுத் தண்ணி எங்கருந்து வருது அண்ணாச்சி?"

"ஏதோ ஊர்க் கிணத்துலருந்து லாரில வருது. அதெல்லாம் ஒனக்கு எதுக்கு?"

அந்தத் திட்டோடு சரி, வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசல் பலகையில் மட்டும் 'சூரிய மின்சாரத்தில் இயங்கும் பசுமை மையம்' என்று எழுதியிருக்கிறது.

நம் குருவிகுளத்து நிலத்தைச் சோலாருக்குக் குத்தகை கேட்டு வந்தவர்கள், கிணற்றை எட்டிப் பார்த்து ஆழம் விசாரித்தார்களாம். அம்மா சொன்னாள். வெயிலைக் கேட்டு வந்தவர்களுக்குக் கிணறு எதற்கு அப்பா? நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

சங்கரன்கோவில் போனால் கருப்பட்டி வாங்கி அனுப்புங்கள். தனியாகக் குடித்தாலும் காபி காபியாக இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீர் இப்போது எத்தனையாவது படியில் நிற்கிறது என்றும் எழுதுங்கள். இறங்க வேண்டாம், மேலே நின்றே எண்ணுங்கள்.

ஷிப்ட் வேன் வந்துவிட்டது. அந்தப் படிக் கணக்கை எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

ஜெபிதா